வானத்திலும் ஒரு பந்தி

மனிதன் பசிக்காக உண்கிறான் என்பது பாதி உண்மையே. பசி ஒன்றே காரணமாயின், கிடைத்த இடத்தில் கிடைத்ததை உண்டுவிட்டு அவன் தன் வழியே போயிருப்பான். அவனோ இலை விரித்தான், வரிசை அமைத்தான், உற்றாரை அழைத்தான், பரிமாறுவதற்கு முறை வகுத்தான், உண்டு முடித்து எழுவதற்கும் முறை வகுத்தான். வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். உணவு உடலை வளர்ப்பது போல, உண்ணும் முறை மனிதப் பண்பை வளர்க்கிறது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இன்று நாம் பல இடங்களில் உண்கிறோம். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் உண்கிறோம். அலுவலக மேசையில் உண்கிறோம். ஓடும் பேருந்திலும் உண்கிறோம். அவற்றுள் மிகவும் புதுமையானது வானூர்தியில் உண்பதாகும். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில், முன்பின் அறியாத முந்நூறு பேர், இருக்கையோடு இருக்கை ஒட்டி அமர்ந்து, ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே அடுக்களையில் சமைத்த உணவை உண்கிறார்கள். நில உலகில் இத்தனை அந்நியர் இவ்வளவு நெருங்கி அமர்ந்து உண்ணும் இடம் அரிது. இதனைப் பந்தி என்று சொல்லலாமா? அல்லது முந்நூறு பேரின் தனித்தனி உணவு ஒரு கூரையின் கீழ் நடைபெறுகிறது என்றுதான் சொல்ல வேண்டுமா? சிறியதாகத் தோன்றும் இக்கேள்விக்குள் ஓர் அறக் கேள்வி அடங்கியிருக்கிறது. உடன் உண்பவரிடத்து நமக்குக் கடமை ஏதேனும் உண்டா என்பதே அது.

பந்தி என்பது யாது?

திருமண வீட்டுப் பந்தியை நினைவிற்குக் கொண்டு வருவோம். அதில் வரிசை உண்டு. எல்லார்க்கும் ஒரே வேளை. எல்லார் இலையிலும் ஒரே உணவு. இம்மூன்றும் இருந்தால் பந்தி அமைந்துவிடுமா? அமையாது. நான்காவதாக ஒன்று வேண்டும். அதற்குத் தமிழர் 'பந்தி விசாரித்தல்' என்று பெயர் வைத்தனர். வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் இலைகளுக்கிடையே நடந்து வருவார். "கூட்டு வந்ததா?" என்பார், "இங்கே கொஞ்சம் சோறு வையுங்கள்" என்பார், கூச்சத்தால் கேளாதிருக்கும் சிறுவனின் இலையைக் கவனித்து அப்பளம் வைக்கச் சொல்வார். உண்பவர் கைகாட்டிப் 'போதும்' என்று சொல்லும் வரை அவர் விடமாட்டார். பொன்னையும் பொருளையும் எவ்வளவு கொடுத்தாலும் போதும் என்னாத மனிதன், சோற்றுக்கு மட்டுந்தான் போதும் என்கிறான் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அச்சொல்லை அவன் வாயிலிருந்து வரவழைப்பதே பந்தி விசாரிப்பவரின் வேலை.

உண்பவர்க்கும் கடமைகள் இருந்தன. வரிசையில் அனைவர்க்கும் பரிமாறிய பின்னரே கைவைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் உண்டு முடிக்குமுன் எழுந்துவிடலாகாது. முதியவர் ஒருவர் மெல்ல உண்டால், விரைந்து உண்டவரும் காய்ந்த கையோடு காத்திருப்பார். இவற்றையெல்லாம் வெறும் ஆசாரம் என்று ஒதுக்கிவிட இயலாது. "நான் மட்டும் உண்ணவில்லை; நாம் உண்கிறோம்" என்னும் உணர்வு கைப்பழக்கமாகவே மாறியிருந்ததன் அடையாளங்கள் அவை.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு வானூர்திக்குள் நுழைவோம்.

பெட்டியிலிருந்து தட்டு வரை

வானூர்தியில் உணவு வழங்கும் வழக்கம் 1919ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கியது என்பர். இலண்டனிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்தின் வானூர்தியில், ஆறிய உணவு அடைத்த பெட்டி ஒன்று மூன்று சில்லிங் விலைக்கு விற்கப்பட்டது. எனவே வானத்து உணவு பிறக்கும்போதே விலையோடு பிறந்தது. 1930இல் அமெரிக்காவில் எட்டுச் செவிலியர் முதல் வானூர்திப் பணிப்பெண்களாக அமர்த்தப்பட்டனர். அஞ்சி நடுங்கும் பயணிகளைத் தேற்றுவதும் உணவு வழங்குவதும் அவர்தம் பணிகளுள் அடங்கும். நோயாளியைப் பேணிய கையே வானத்தில் உணவு பரிமாறத் தொடங்கிற்று என்பது சிந்திக்கத்தக்க செய்தி.

நம் நாட்டு வரலாறு இதனினும் எளிமையானது. 1947ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் சிறிய வானூர்தி சிங்கப்பூரின் காலாங் நிலையத்திலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்குப் புறப்பட்டது. அதில் ஐந்து பயணிகளுக்கே இடம் இருந்தது. அக்காலத்தில் அதில் பயணிகளுக்குக் கிடைத்த உபசாரம், குளிர்நீர் நிரப்பிய ஒரு குடுவை மட்டுமே. அது கைமாறிக் கைமாறிச் சென்றது. இன்றைய தட்டில் இருக்கும் பத்து வகைப் பண்டங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆயினும் பக்கத்தில் இருப்பவர்க்கு மிச்சம் வைத்துக் குடிக்க வேண்டிய நீர் அது. தன் தாகத்தை அளக்கும்போதே பிறர் தாகத்தையும் அளக்கும்படி அந்தக் குடுவை ஐவரையும் பழக்கியிருக்கும்.

நம் மக்கள் பெரும்பாலோர் அப்போது வானில் பறக்கவில்லை, கடலில் வந்தனர். சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களோடு இணைத்த 'இரஜூலா' கப்பல், 1926 முதல் 1973 வரை உழைத்தது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தோடு ஓய்ந்தது. கப்பலின் தளத்தில் பாய் விரித்து நாள்கணக்கில் பயணம் செய்த முதியோர் கதைகளை நம்முள் பலர் கேட்டிருப்போம். அங்கே வசதி இல்லை. கடல் நோயும் நெரிசலும் உண்டு. ஆனால் ஒருவர் கொண்டுவந்த ஊறுகாய் மற்றொருவர் சோற்றுக்குப் போயிற்று. இன்று அதே தொலைவை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவரின் பெயரை அறியாமலே உண்டு, உறங்கி, இறங்கிவிடவும் நம்மால் முடிகிறது.

பிறப்பைக் கேளாத வரிசை

இதனால் பழையது யாவும் நன்று, புதியது யாவும் தீது என்று முடிவு கட்டிவிடலாகாது. நம் பழைய பந்தியில் ஒரு பெருங்குறை இருந்தது. அது பிறப்பைக் கேட்டது. இன்னார் இன்னாரோடு அமரலாம், இன்னார் திண்ணையில் அமர வேண்டும், இன்னார் பந்தி முடியும்வரை வெளியே காத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகளைச் சுமந்துகொண்டே அப்பந்தி நடந்தது. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், மாணவர் சிலர்க்குத் தனி உணவு அளிக்கப்பட்டது 1920களின் நடுவில் தமிழகத்தையே கலக்கியது. தென்னிந்திய இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடமும் மற்றையோர்க்கு ஓரிடமும் என்றிருந்த பாகுபாடு, நெடிய எதிர்ப்பிற்குப் பின்னர் 1941இல்தான் நீக்கப்பட்டது. சமபந்தி விருந்து என்று ஒன்றைத் தனியே நடத்த வேண்டியிருந்ததே, மற்றைப் பந்திகள் சமமாக இல்லை என்பதற்குச் சான்றாகும்.

வானூர்தியோ பிறப்பைக் கேட்பதில்லை. இருக்கை எண் ஒன்றே அங்கே இடம் வகுக்கிறது. யார் தொட்ட தட்டு, யார் சமைத்த சோறு என்ற கேள்வி எழுவதற்கு முன்பே உணவு வந்துவிடுகிறது. பந்திக்கு முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம். அதே வேளையில், ஒவ்வொருவரின் நோன்பும் விலக்கும் அங்கே மதிக்கப்படுகின்றன. சைவ உணவு, மாட்டிறைச்சி விலக்கிய உணவு, ஹலால் உணவு, யூதர் முறை உணவு, கிழங்கு விலக்கிய சமணர் உணவு என்று முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். ஒரே வரிசையில் மூவர் மூன்று சமய விலக்குகளோடு முழங்கை உரச உண்கிறார்கள். எவருடைய தூய்மையும் கெட்டுப்போவதில்லை. ஒன்றாக உண்பதற்கு ஒரே உணவு வேண்டும் என்ற நம் பழைய எண்ணத்தை இக்காட்சி திருத்துகிறது. பந்தியின் மூன்றாவது உறுப்பாக நான் சொன்னதை இங்கே தளர்த்திக்கொள்ளலாம். வேறு வேறு உணவை உண்பவரும் ஒரு பந்தியினர் ஆகலாம்.

ஆனால் முன்புறம் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. பிறப்பு போன இடத்தில் பணம் வந்து அமர்ந்துகொண்டது. திரைக்கு அப்பால் பீங்கான் தட்டும் துணி விரிப்பும். இப்பால் நெகிழித் தட்டும் தாள் துண்டும். 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, முதல் வகுப்பு உள்ள வானூர்திகளின் சிக்கன வகுப்பில், அவ்வகுப்பு இல்லாதவற்றைக் காட்டிலும் பயணிகளின் சினச் செயல்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு நிகழ்ந்ததாகக் கூறியது. அதன் கணக்கு முறையைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும், பக்கத்து இலையில் பாயசம் இரண்டு முறை விழுவதைக் கண்டவன் மனம் படும் பாட்டை நாம் அறியாதவர் அல்லர். விலையால் வரும் வேற்றுமை, பிறப்பால் வந்த வேற்றுமையைப் போல் கடக்கவே இயலாதது அன்று. ஆயினும் திரைக்கு முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரை மறப்பதற்கு அது உதவுமாயின், அறத்தின் கண்ணில் இரண்டும் உறவுடையனவே.

காணாத கைகள்

வீட்டுப் பந்தியில் சமைத்தவரை நாம் காண்கிறோம். அடுக்களைப் புகை நம் கண்ணிலும் படுகிறது. வானூர்தியில் தீ மூட்ட முடியாது. தரையில் உள்ள பெருஞ்சமையற்கூடத்தில் உணவு சமைக்கப்பட்டு, விரைந்து குளிரூட்டப்பட்டு, தட்டுகளில் அடுக்கப்பட்டு, வண்டியில் ஏற்றப்பட்டு, வானத்தில் மீண்டும் சூடாக்கப்படுகிறது. அலுமினியத் தாளைப் பிரிக்கும் நம் விரலுக்கு முன், எத்தனையோ விரல்கள் அவ்வுணவைத் தொட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றையும் நாம் கண்டதில்லை.

அவ்விரல்களின் பொருட்டு நாம் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறோம் என்பதை 1975ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். தோக்கியோவிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற ஜப்பானிய வானூர்தி ஒன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் உணவு ஏற்றிக்கொண்டது. அதில் 340க்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தனர். கோப்பன்ஹேகனை நெருங்கும் வேளையில் காலை உணவாக முட்டைப் பணியாரமும் பன்றியிறைச்சியும் பரிமாறப்பட்டன. சற்று நேரத்தில் 197 பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் வீழ்ந்தனர். சமையற்காரர் ஒருவரின் விரலில் இருந்த புண்ணிலிருந்து நுண்ணுயிர் உணவிற் கலந்து, போதிய குளிரின்றி வைக்கப்பட்டமையால் பெருகியது என ஆய்வில் தெரியவந்தது. வானோட்டிகள் அவ்வுணவை உண்ணாதிருந்தமையால் வானூர்தி நலமே தரையிறங்கியது. பயணிகளும் பிழைத்தனர். ஆனால் அந்தச் சமையற்கூடத்தின் மேலாளர், நடந்ததைத் தாங்காமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து தூய்மைப் பாடம் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. ஒரு விரல் நூற்றுக்கணக்கானோரை நோயில் வீழ்த்த வல்லதாயின், நாள்தோறும் உலகெங்கும் பறக்கும் பல்லாயிரம் வானூர்திகளில் எவர்க்கும் ஒன்றும் நேராமல் இருப்பதற்கு எத்தனை விரல்கள் பொறுப்போடு இயங்குகின்றன! தீங்கு நேர்ந்தால்தான் காணாத கைகளை நாம் தேடுகிறோம். நன்மை நேர்ந்த நாள்களில் அவற்றை நினைப்பதே இல்லை. அந்த மேலாளர் தாம் முகம் அறியாத பயணிகளைத் தம் பொறுப்பில் உள்ளவர்களாகவே கருதினார். அவர் எடுத்த முடிவு எவரும் எடுக்கலாகாத முடிவு. உயிரைப் போக்குவது எந்தப் பிழைக்கும் ஈடாகாது. எனினும் உணவு அனுப்பியவர் உண்டவரை அவ்வளவு நினைந்திருக்க, உண்பவர் அனுப்பியவரைச் சிறிதும் நினையாதிருப்பது நேர்மையாகுமா?

நாவின் தீர்ப்பு

நினையாதிருப்பதோடு நில்லாமல் பழிக்கவும் செய்கிறோம். வானூர்தி உணவு சுவையற்றது என்பது உலகம் முழுவதும் வழங்கும் குறை. இதன் காரணத்தை ஆராய்ந்தவர்கள் வேறொரு செய்தியைச் சொல்கிறார்கள். பறக்கும் வானூர்திக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போன்றது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டிற்கும் கீழே இருக்கும். மூக்கு உலர்ந்துவிடுகிறது, மணம் குறைகிறது, மணம் குறைந்தால் சுவையும் குறைகிறது. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வுக்கூடத்தார், பழைய வானூர்தியின் உடற்பகுதி ஒன்றைக் குறை அழுத்த அறைக்குள் வைத்து, அதில் மக்களை அமர்த்தி உண்ணச் செய்து பார்த்தனர். உப்பும் இனிப்பும் மங்கித் தோன்றுவதையும், தக்காளிச் சாறு தரையில் இருப்பதினும் நன்றாகச் சுவைப்பதையும் 2010ஆம் ஆண்டளவில் கண்டறிந்தனர். 2015இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார், வானூர்தியின் இரைச்சலே இனிப்புச் சுவையை மங்கச் செய்வதாக எடுத்துக்காட்டினர்.

சுருங்கச் சொன்னால், குறை பெரும்பாலும் குழம்பில் இல்லை. உண்பவரின் நாவில் இருக்கிறது. தம் நா மாறியிருப்பதை அறியாத ஒருவர் சமைத்தவர்மீது தீர்ப்பு வழங்குகிறார். இது உணவோடு முடிகிற செய்தியா? களைத்த மனத்தோடு வகுப்பிற்குள் நுழையும் ஆசிரியர்க்கு மாணவர் அனைவரும் மந்தமாகத் தோன்றுவதில்லையா? பிறரை எடைபோடுமுன் நம் தராசு எந்த உயரத்தில் தொங்குகிறது என்று பார்த்துக்கொள்வது அறிவுடைமை ஆகும்.

விலைக்கு வரும் சோறு

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பசி அன்று, கணக்கு. 1980களில் அமெரிக்க வானூர்தி நிறுவனம் ஒன்று, பயணிகளின் காய்கறிக் கலவையிலிருந்து ஒரேயோர் ஆலிவ் காயை நீக்கி, ஆண்டொன்றுக்கு 40,000 டாலர் மிச்சப்படுத்தியதாகச் சொல்லப்படும் செய்தி வணிக உலகில் புகழ்பெற்றது. பயணிகள் எவரும் அதனைக் கவனிக்கவில்லையாம். வீட்டுப் பந்தியில் ஓர் அப்பளம் குறைந்திருந்தால் பந்தி விசாரிப்பவர் உடனே கண்டிருப்பார். வானத்தில் கண்டவர் கணக்கர் மட்டுமே.

பின்னர்க் குறைந்த கட்டண வானூர்திகள் வந்தன. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு இறுதியில் புதிய கைகளுக்கு மாறிய ஏர் ஏசியா, வானூர்தியை ஏணியின் கீழ்ப்படியில் இருந்தவர்க்கும் எட்டச் செய்தது. அது பெரும் நன்மை. அதனோடு உணவு பயணச்சீட்டிலிருந்து பிரிந்து தனி விற்பனைப் பொருளாயிற்று. நாசி லெமாக் வேண்டுவோர் வெள்ளி கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வேண்டாதோர் வீணே அதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை. இம்முறையில் அநீதி ஏதும் இல்லை என்றே தோன்றும்.

ஆனால் ஒரு வரிசையை நினைத்துப் பாருங்கள். சன்னலோரத்தில் முதன்முறையாக வேலை தேடி வெளிநாடு செல்லும் இளைஞர். சட்டைப்பையில் இருப்பது தம் நாட்டு நோட்டுகள் சில. அவற்றையும் எண்ணி எண்ணி வைத்திருக்கிறார். நடுவில் நாம். நம் முன் சூடான சோறு. சம்பலின் மணம் மூன்று இருக்கைக்கும் பரவுகிறது. அவர் சன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்க்கிறார். அவர்க்குப் பசி இல்லையா, பணம் இல்லையா, அறிய வழியில்லை. கேட்டால் அவர் மானம் புண்படலாம். கேளாவிடில் பசித்திருப்பவர் காண நாம் உண்டவர் ஆவோம். இங்கே பயணச்சீட்டின் விதிகள் நமக்கு உதவமாட்டா. நாம் உண்பதற்கு உரிமை பெற்றவர்கள் என்பதை அவை சொல்லும். எவ்வாறு உண்பது என்பதைச் சொல்லா.

என் கருத்தில், கேளாதிருப்பதைவிடப் பகிர்வதே மேல். அதிலும் ஒரு முறை உண்டு. இன்னொரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தால் ஒருவர் கொடுப்பவராகவும் மற்றவர் பெறுபவராகவும் ஆகிவிடுகின்றனர். நம் பொட்டலத்தைப் பிரிக்குமுன், "சேர்ந்து சாப்பிடுவோமே" என்று நீட்டினால் இருவரும் உண்பவர் ஆகின்றனர். அவர் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் மறுமுறை வற்புறுத்தாமல் இருப்பதும் பண்பே. ஒரு சொல்லும் ஒரு புன்னகையும் செலவாயின, வேறு இழப்பில்லை.

பரிமாறுபவரை விசாரித்தல்

சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குச் சென்றபோது என் அருகில் ஒரு மூதாட்டியார் அமர்ந்திருந்தார். நெடுங்காலம் தோட்டத்தில் பால்மரம் சீவி உழைத்தவர். தட்டு வந்ததும் அவர் அதனைத் திறக்கவில்லை. எனக்கும் எனக்கு அப்பால் இருந்தவர்க்கும் வரும் வரை மடியில் கைவைத்துக் காத்திருந்தார். பின்னர்த் தட்டை வைத்த பணிப்பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் மலாய்க்காரர், தமிழ் அறியாதவர். என்னைப் பார்த்தார். "சூடா மாக்கான்? என்று கேட்கிறார்" என மலாயில் சொன்னேன். விரைந்துகொண்டிருந்த தள்ளுவண்டி ஒரு கணம் நின்றது. "பெலும், மக்சிக், இனிமேல்தான்" என்று கூறி அவர் அம்மூதாட்டியின் கையை மெல்லத் தொட்டுவிட்டுச் சென்றார்.

உண்டாயா என்று கேட்பது தமிழர்க்கும் மலாய்க்காரர்க்கும் ஒருங்கே வாய்த்த நலம் விசாரிப்பு. அன்று நான் கண்டது தலைகீழான பந்தி விசாரிப்பு. பரிமாறுபவர் உண்பவரை விசாரிப்பதே வழக்கம். இங்கே உண்பவர் பரிமாறுபவரை விசாரித்தார். வானூர்தி நிறுவனம் அதற்கு ஏற்பாடு செய்யவில்லை. பயணச்சீட்டில் அது அடங்கவும் இல்லை. ஆயினும் அவ்வொரு கேள்வியால் இருபத்தேழாம் வரிசை பந்தியாயிற்று.

இங்கே சிலர் மறுப்புக் கூறலாம். "பணிப்பெண் ஊதியம் பெறுகிறார், நாம் கட்டணம் கட்டியிருக்கிறோம். கொடுக்கல் வாங்கல் அதோடு தீர்ந்தது. இடையே அன்பும் நன்றியும் எதற்கு?" என்பர். ஊதியம் உழைப்பிற்கு உரிய விலை, அதில் ஐயமில்லை. ஆனால் ஊதியம் பெறுவதனால் ஒருவர் மனிதர் என்ற நிலையிலிருந்து இறங்கிவிடுவதில்லை. ஆசிரியராகிய நாமும் திங்கள்தோறும் சம்பளம் பெறுகிறோம். காய்ச்சலோடு வந்த பிள்ளையின் நெற்றியில் நாம் கைவைத்துப் பார்ப்பது எந்தச் சம்பளப் பட்டியலில் இருக்கிறது? அப்பிள்ளையின் தாய் கைகூப்பும்போது, "சம்பளம்தான் வாங்குகிறீர்களே" என்று சொல்லாமல் விடுவதில்தான் உலகம் நிற்கிறது. விலை கொடுத்து முடித்த பின்னும் மனிதர்க்கு மனிதர் கொடுக்க வேண்டியது ஒன்று எஞ்சி நிற்கும். அதற்குப் பெயர்தான் விசாரிப்பு.

வேறு சிலர், "அந்நியரிடம் பேச்சுக் கொடுப்பது தொல்லையாகாதா?" என்பர். தொல்லையாகலாம். விசாரிப்பு எப்போதும் வாய்ச்சொல்லாக இருக்க வேண்டியதில்லை. பின்னால் ஒருவர் உண்ணும்போது நம் இருக்கையைச் சாய்க்காமல் நிமிர்த்தி வைப்பதும் விசாரிப்பே. நடு இருக்கையில் இருப்பவர்க்கு முழங்கை வைக்க இடம் விடுவதும், உண்டு முடித்த தட்டை ஒழுங்காக அடுக்கித் தருவதும், வேண்டாத உணவைப் பிரித்துக் கெடுக்காமல் முன்பே வேண்டாம் என்பதும் விசாரிப்பே. அயல்நாட்டிலிருந்து வரும் வானூர்திகளில் மிஞ்சும் உணவை, நோய் பரவாதிருக்கும் பொருட்டு எரித்தோ ஆழப் புதைத்தோ அழிக்க வேண்டும் எனப் பல நாடுகள் சட்டம் வைத்துள்ளன. கை படாத சோறும் பசித்தவர்க்குப் போய்ச் சேராது. அங்கே நாம் சொல்லும் 'வேண்டாம்' என்னும் சொல், பந்தியில் சொல்லும் 'போதும்' என்பதைப் போலப் பொறுப்புடைய சொல்லாகும்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஆக, வானூர்தியில் உண்பது பந்தியா என்னும் கேள்விக்கு விடை வானூர்தியில் இல்லை. வரிசையைப் பிறர் அமைக்கலாம். வேளையைப் பிறர் குறிக்கலாம். உணவைப் பிறர் சமைக்கலாம். விசாரிப்பை மட்டும் உண்பவர்தாம் கொண்டுவர வேண்டும். அது இருந்தால் நெகிழித் தட்டும் வாழை இலையாகும். அது இல்லையேல் வாழை இலையில் உண்டாலும் நாம் தனியே உண்டவர்களே.

இதனை மாணவர்க்குக் கற்பிக்க வானூர்தி ஏறவேண்டியதில்லை. 1979ஆம் ஆண்டு தொடங்கி நம் பள்ளிகளில் துணை உணவுத் திட்டம் நடந்து வருகிறது. ஓய்வு வேளையில் சிற்றுண்டிச் சாலையைச் சற்றே நோக்குங்கள். காசு கொடுத்து வாங்கிய பிள்ளைகள் ஒரு மேசையில். திட்டத்தின் கீழ் உணவு பெறும் பிள்ளைகள் மற்றொரு மேசையில். அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரைச்சீலை தொங்குகிறது. அதனை விலக்க ஆணை வேண்டியதில்லை, நிதி வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவர் தம் தட்டை எடுத்துக்கொண்டு அந்த இரண்டாம் மேசையில் போய் அமர்ந்தாலே போதும். அமர்ந்தபின் பக்கத்துப் பிள்ளையிடம் கூட்டு வந்ததா என்று கேட்கட்டும். உணவு எடுத்து வைக்கும் அம்மாவிடம், அவர் உண்டாரா என்றும் கேட்கட்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளை அவர்கள் எந்த நாட்டின் மேலே, எந்த உயரத்தில் பறந்தாலும், தட்டைத் திறக்குமுன் பக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.